இரும்பா, எஃகா, உருக்கா: எந்த இடத்தில் எந்தச் சொல்?

நீலக்குறிஞ்சி:

வணக்கம். பாலங்களின் வரலாறு பற்றிய ஒரு நூலைப் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மூல ஆசிரியர் இரும்பையும் எஃகையும் ஓரிடத்தில்கூடக் கலந்து எழுதவில்லை. 1779-இல் இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றின் மேல் எழுப்பிய பாலத்துக்கு ஒரு சொல், 1889-இல் எழுந்த ஈபிள் கோபுரத்துக்கு வேறொரு சொல், அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தில் திறந்த ஃபோர்த் பாலத்துக்கு இன்னொரு சொல்.

நானும் அதே கவனத்தோடுதான் எழுதி அனுப்பினேன். மெய்ப்புப் பார்த்தவர் பாதி இடங்களில் எஃகை இரும்பாக்கிவிட்டார், "பிள்ளைகளுக்குப் புரியாது" என்று. மீதி இடங்களில் இரும்பை எஃகாக்கிவிட்டார், "கேட்க நன்றாக இருக்கிறது" என்று. ஈபிள் கோபுரம் இப்போது "எஃகுக் கோபுரம்" ஆகி நிற்கிறது. அது எஃகு இல்லை என்பதுதான் அந்த அத்தியாயத்தின் மையமே.

அவரிடம் போய்ப் பேச எனக்குத் தெளிவு வேண்டும். இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு என்ன? உருக்கு என்றும் சொல்கிறோமே, அது எஃகேதானா? தமிழில் இந்தச் சொற்கள் எப்படிப் புழங்கி வந்திருக்கின்றன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

உலைக்களம்:

உலோகவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இரும்பு ஒரு தனிமம். எஃகு அப்படியல்ல, இரும்போடு கொஞ்சம் கரிமம் சேர்ந்த உலோகக் கலவை. அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கட்டடத்துக்குப் போடும் கம்பியில் ஏறக்குறைய 0.2 விழுக்காடு. அதாவது 100 கிலோவில் 200 கிராம் கரிமம். நல்ல கத்தியில் 0.6-இலிருந்து 1 விழுக்காடு வரை. 2 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் அது எஃகு இல்லை, வார்ப்பிரும்பு.

இத்தனூண்டு கரிமம் ஏன் இவ்வளவு செய்கிறது? தூய இரும்பு மென்மையானது. அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதாக வழுக்கும். கரிம அணுக்கள் இடுக்குகளில் உட்கார்ந்து அந்த வழுக்கலைத் தடுக்கின்றன. எஃகைச் செந்தழலாகக் காய்ச்சும்போது அணுக்களின் அடுக்கே மாறிவிடுகிறது. புது அடுக்கில் கரிமத்துக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. மெல்ல ஆறவிட்டால் கரிமம் பிரிந்து வெளியே வந்துவிடும். சட்டென்று தண்ணீரில் முக்கினால் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்த நெரிசலைத்தான் நாம் கடினம் என்கிறோம்.

அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதம் செய்வார்கள். மினுக்கிய எஃகை அப்போது கவனித்தால் 220 பாகை செல்சியஸ் அளவில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம் என்று மேலே நிறம் ஓடும். மேற்பரப்பில் ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது. வெப்பமானி இல்லாத காலத்துக் கொல்லனுக்கு அந்த நிறம்தான் அளவுகோல்.

இப்போது உங்கள் மூன்று கட்டுமானங்கள். செவர்ன் பாலம் வார்ப்பிரும்பு. கரிமம் மிகுதி என்பதால் உருகுநிலை குறைவு. தூய இரும்பு உருக 1538 பாகை வேண்டும், வார்ப்பிரும்புக்கு 1200 பாகைக்குள் போதும். அச்சில் ஊற்றி எடுப்பது எளிது. ஆனால் அதில் மிஞ்சும் கரிமம் கிராஃபைட் செதில்களாக உள்ளே பிரிந்து நிற்கும், ஒவ்வொரு செதிலும் ஒரு கீறல்தான். அழுத்தினால் தாங்கும், இழுத்தால் உடையும். 1879 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் டே பாலம் புயலில் ரயிலோடு விழுந்ததற்கு அதன் வார்ப்பிரும்புத் தூண்களும் அவற்றின் இணைப்புகளும் ஒரு முக்கியக் காரணம்.

ஈபிள் கோபுரம் தேனிரும்பு. கரிமத்தை ஏறக்குறைய முழுக்க நீக்கியது. உள்ளே கசடு மெல்லிய இழைகளாக ஓடும். வளையும், அடித்தால் நீளும், இழுவையையும் ஓரளவு தாங்கும். அந்தக் கோபுரத்தில் இருப்பது சுமார் 7,300 டன் தேனிரும்பு.

ஃபோர்த் பாலம் எஃகு. 1856-இல் பெசமர் தன் முறையை அறிவிக்கும் வரை எஃகு என்பது கத்திக்கும் கடிகார வில்லுக்கும் மட்டுமே கட்டுப்படியாகிற பொருள். உருகிய இரும்புக்குள் காற்றைச் செலுத்திக் கரிமத்தை எரித்து நீக்கும் அந்த முறை வந்த பிறகே டன் கணக்கில் எஃகு கிடைத்தது. ஒரே ஓராண்டு இடைவெளியில் ஒன்று தேனிரும்பாகவும் மற்றது எஃகாகவும் எழுந்ததில் ஒரு யுகம் மாறியது தெரிகிறது. மூன்றையும் ஒரே சொல்லில் எழுதினால் அந்த மாற்றம் பிள்ளைகள் கண்ணில் படாமலே போய்விடும். மெய்ப்புப் பார்த்தவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

---

பட்டறை_தீப்பொறி:

ஐயா சொன்னது அத்தனையும் சரி. வெல்டிங் பட்டறையில் இருந்து நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

எங்கள் வேலையில் எஃகு என்ற சொல் வாயில் வருவதே இல்லை. எம்.எஸ்., எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு), ஜி.ஐ., அப்புறம் காஸ்டிங் (வார்ப்பிரும்பு). வாடிக்கையாளர் வந்து "இரும்பு கேட்" என்பார், நாங்கள் குறிப்பில் "எம்.எஸ். கேட்" என்று எழுதுவோம். எம்.எஸ். என்றால் மென் எஃகு. அவர் சொல்வதும் நாங்கள் எழுதுவதும் ஒரே பொருள்தான், யாரும் குழம்பியதில்லை. ஜி.ஐ. இன்னும் வேடிக்கை: பெயரில் இரும்பு இருக்கிறது, கையில் இருப்பது துத்தநாகம் பூசிய மென் எஃகுத் தகடு. ஒரு காலத்தில் உண்மையாகவே இரும்பில் செய்தார்கள், பெயர் அப்படியே தங்கிவிட்டது. "ராட் அயர்ன் கிராதி" (ராட் அயர்ன் என்றால் தேனிரும்பு) என்று இன்று விற்பதும் அப்படித்தான். அசல் தேனிரும்பை இப்போது அநேகமாக யாரும் தயாரிப்பதில்லை. பூ வேலைப்பாடு செய்த மென் எஃகுக்கு அந்தப் பெயர்.

ஆனால் கையில் வந்த துண்டு எது என்று எங்களுக்குக் கட்டாயம் தெரிந்தாக வேண்டும். வார்ப்பிரும்பை மென் எஃகு என்று நினைத்து வெல்டு வைத்தால், ஆறும்போது "டிக்" என்று ஒரு சத்தம், பக்கத்திலேயே விரிசல். அதனால் கிரைண்டரில் ஒரு தொடு தொட்டுப் பொறியைப் பார்ப்போம்.

மென் எஃகு: பொறி நீளமாக, நேர்கோடாக, மஞ்சளாகப் பாயும். நுனியில் ஒன்றிரண்டு கிளை பிரியும், அவ்வளவுதான். லாரி ஸ்பிரிங் பட்டை, அரம், பழைய உளி: இவற்றில் பொறி பாதி வழியிலேயே வெடித்து வெடித்துப் பூவாகச் சிதறும். கரிமம் கூடக் கூட வெடிப்பும் கூடும். வார்ப்பிரும்பில் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பாக வரும். எஸ்.எஸ். என்றால் சிக்கனமாக, ஆரஞ்சு நிறத்தில், வெடிப்பு அதிகம் இல்லாமல் வரும்.

உலைக்களம் ஐயா விழுக்காட்டில் சொன்னதை நாங்கள் பொறியில் படிக்கிறோம். உங்கள் புத்தகத்தில் பெட்டிச் செய்தி போட இடம் இருந்தால் இதைப் போடுங்கள். பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

---

கூர்நுனி:

தமிழாசிரியராக என் பங்குக்கு.

எஃகு என்ற சொல் முதலில் ஒரு பொருளின் பெயராகப் புழங்கவில்லை என்பதை இங்கே யாரும் இன்னும் சொல்லவில்லை. பழைய நூல்களில் எஃகு என்றால் பெரும்பாலும் ஆயுதம், குறிப்பாக வேல். அல்லது கூர்மை. திருக்குறளிலேயே இரண்டும் இருக்கின்றன.

"செய்க பொருளைச் செறுநர் செருக்கறுக்கும் எஃகதனிற் கூரிய தில்" (759). பகைவர் செருக்கை அறுக்கும் ஆயுதம் பொருளைவிடக் கூரியது வேறில்லை என்கிறார். இங்கே எஃகு ஆயுதம்.

"பேராண்மை என்ப தறுகணொன் றுற்றக்கால் ஊராண்மை மற்றதன் எஃகு" (773). இங்கே உலோகமும் இல்லை, ஆயுதமும் இல்லை. பரிமேலழகர் எஃகு என்பதற்குக் "கூர்மை" என்றே பொருள் கொள்கிறார். பகைவனுக்கு ஓர் இடர் வந்தால் அப்போது இரங்கி உதவுவதுதான் வீரத்தின் கூர்முனை என்பது கருத்து. வீரத்தின் கூர்மை இரக்கம் என்று சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு தெளிவு வேண்டும்!

எஃகுதல் என்ற வினையும் உண்டு. பஞ்சை விரலால் நுண்ணிதாகப் பிரித்து இழுப்பது பஞ்சு எஃகுதல். அங்கே உலோகத்துக்கு வேலையே இல்லை, நுட்பம்தான் இருக்கிறது.

ஆகவே எஃகு என்பது குணத்தைச் சொன்ன சொல். கூராகி நிற்கும் தன்மை, அந்தக் கூர்மை உள்ள கருவி, பிறகு அந்தக் கருவிக்கு ஏற்ற உலோகம். எந்த வரிசையில் பொருள் விரிந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பழந்தமிழ்ப் பாட்டில் எஃகைக் கண்டதும் இன்றைய உலோகப் பொருளை அங்கே கொண்டுபோய் வைக்கக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

உலோகத்தைச் சொல்ல அவர்களிடம் இரும்பு இருந்தது. பொன்னும் இருந்தது. பொன் என்றால் தங்கம் மட்டும் இல்லை, உலோகத்துக்கெல்லாம் பொதுப்பெயர். "தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று" என்கிறதே 931-ஆம் குறள், அந்தத் தூண்டில் பொன் இரும்பு முள். இரும்புக்குக் கரும்பொன் என்ற பெயரே உண்டு.

---

வடலி:

கூர்நுனி ஐயா கரும்பொன் என்றதும் எழுத வேண்டும் போலிருந்தது. கன்னடத்தில் இரும்புக்குக் "கப்பிண" என்கிறார்கள். அது கரும்பொன் என்பதன் கன்னட வடிவம்தான். தெலுங்கு "இனுமு", மலையாள "இரும்பு" இரண்டும் நம்முடைய இரும்புக்கு உறவு.

நான் இலங்கைத் தமிழ். எங்கள் பாடநூல்களில் உருக்குத்தான். விஞ்ஞானப் பாடத்தில் "உருக்கு ஒரு கலப்புலோகம்" என்று படித்துத்தான் வளர்ந்தோம். துருப்பிடிக்காத வகைக்குக் கறையில் உருக்கு. எஃகு என்ற சொல்லைப் பார்த்தால் ஆய்த எழுத்துக்கு உதாரணம் சொன்ன வகுப்புத்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் எஃகு என்று வரும்போது விளங்கும், ஆனால் எங்கள் வாயில் வராது.

மலையாளத்திலும் உருக்கு. தெலுங்கிலும் கன்னடத்திலும் "உக்கு". அதனால் பக்கத்து மொழிகளோடு ஒட்டிப் போவது உருக்குத்தான். தமிழ்நாட்டில்கூட சேலத்தில் இருப்பது உருக்காலை, எஃகாலை இல்லையே? அங்கே செய்வது என்னவோ துருப்பிடிக்காத எஃகு. ஆலைக்கு ஒரு பெயரும் அதிலிருந்து வரும் பொருளுக்கு இன்னொரு பெயரும் ஏன்?

---

உலைக்களம்:

வடலி நல்ல இடத்தைத் தொட்டுவிட்டார். உருக்கு என்ற சொல்லுக்குள் ஒரு தொழில்நுட்ப வரலாறே இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய காலத்து இரும்பு உலையில் இரும்பு உருகாது. கரியும் துருத்தியும் கொண்டு எட்டக்கூடிய வெப்பம் அதற்குப் போதாது. தாதிலிருந்த மண்ணும் கல்லும் மட்டும் கசடாக உருகி வடியும். இரும்பு துளைத்துளையாக, கசடு கலந்த ஒரு கட்டியாக அடியில் தங்கும். அதைச் சூட்டோடு சூடாக எடுத்துச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கசடைப் பிதுக்கி வெளியேற்றுவார்கள். அதாவது இரும்பு என்பது அடித்து எடுத்த பொருள்.

நம் பகுதியில் இன்னொரு முறையும் இருந்தது. அந்த இரும்பைச் சிறு துண்டுகளாக்கி, மரத்துண்டு, இலை போன்ற கரிமம் தரும் பொருள்களோடு களிமண் மூசையில் (உலோகம் உருக்கும் சிறு கலத்தில்) வைத்து, வாயைப் பூசி அடைத்து, உலையில் நெடுநேரம் காய்ச்சுவார்கள். கரிமம் இரும்புக்குள் இறங்க இறங்க அதன் உருகுநிலை குறையும். கடைசியில் உள்ளே இருப்பது முழுக்க உருகிவிடும். மெல்ல ஆறவிட்டு மூசையை உடைத்தால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கட்டி கிடைக்கும். கரிமம் 1 முதல் 2 விழுக்காடு வரை. இதுதான் உருக்கு. உருக்கி எடுத்ததால் உருக்கு. அடித்து எடுத்ததிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் பெயர் இது.

இந்த உக்கு என்ற சொல்தான் ஐரோப்பியர் வாயில் "ஊட்ஸ்" ஆனது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். பிறகு மைக்கேல் ஃபாரடே இதை ஆராய்ந்தார். தமிழ்நாட்டில் கொடுமணல், தெலங்கானாவில் கோனசமுத்திரம் போன்ற இடங்களில் இந்தத் தொழிலின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன.

ஆக மூன்று சொல்லும் மூன்று பக்கத்திலிருந்து வந்தவை. இரும்பு பொருளின் பெயர். எஃகு, கூர்நுனி சொன்னதுபோல், குணத்தின் பெயர். உருக்கு செய்முறையின் பெயர். இன்று பிந்தைய இரண்டும் ஒரே உலோகத்தைக் குறிக்கின்றன, அதில் தவறில்லை. ஆலை என்பது உருக்குகிற இடம், அதனால் உருக்காலை என்பது பொருத்தமான பெயர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

எளிய_உரைநடை:

செய்தித்தாளில் பிழை திருத்தும் வேலை பார்க்கிறேன். எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் இவ்வளவு வேறுபாடு பொதுவாசகருக்குத் தேவையா? "இரும்புக் கம்பி சரிந்து தொழிலாளி காயம்" என்று எழுதுகிறோம். அந்தக் கம்பி எஃகுதான் என்பது எனக்கும் தெரியும். "எஃகுக் கம்பி" என்று போட்டால் படிப்பவர் ஒரு கணம் நிற்பார். இரும்புக் கடை, பழைய இரும்பு, இரும்புப் பீரோ, இரும்புக்கரம், இரும்புத்திரை. மக்கள் மொழியில் இரும்புதான் எங்கும் நிற்கிறது. "இரும்பு அடிக்கும் இடத்தில் ஈக்கு என்ன வேலை", "இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இராது". எஃகை வைத்து ஒரு பழமொழியாவது நம் காதில் விழுந்திருக்கிறதா? எஃகு பேச்சு மேடைச் சொல். "எஃகு போன்ற உறுதி" என்று முழங்கலாம், அன்றாட எழுத்துக்கு அது ஆகாது. மெய்ப்புப் பார்த்தவர் இரும்பாக மாற்றிய இடங்களில் எனக்கு அவர்மேல் குறையே இல்லை.

---

பட்டறை_தீப்பொறி:

நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடு. எம்.எஸ். கேட்டை நானும் வாடிக்கையாளரிடம் இரும்பு கேட் என்றுதான் சொல்கிறேன்.

ஆனால் கட்டடக் கம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே "எஃப்.இ. 500" என்று முத்திரை இருக்கும். எஃப்.இ. என்பது இரும்பின் குறியீடு, 500 என்பது நெகிழத் தொடங்கும் முன் அது தாங்க வேண்டிய இழுவை, சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன். டி.எம்.டி. கம்பியை வெட்டி, முகத்தை மினுக்கி, அமிலம் தொட்டுப் பார்த்தால் ஓரத்தில் கருத்த ஒரு வளையம் தெரியும், நடுவில் வெளிர் நிறம். ஆலையில் செந்தழலாக ஓடிவரும்போதே தண்ணீரைப் பீய்ச்சி ஓரத்தை மட்டும் கடினமாக்கியிருப்பார்கள். உள்ளே இருக்கும் சூடு பிறகு வெளியே பரவி அந்த ஓரத்தைப் பதம் செய்யும். ஓரம் உறுதி, நடு வளைந்துகொடுக்கும். தூய இரும்பில் இந்த வித்தை நடக்காது. விபத்துச் செய்தியில் இரும்புக் கம்பி என்று போடுங்கள், ஒன்றும் ஆகாது. கட்டடம் எப்படி நிற்கிறது என்று ஒருவர் கேட்கும் இடத்தில் அது போதாது.

---

கூர்நுனி:

எளிய_உரைநடை அவர்களே, பழமொழி விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். இரும்பு குடும்பத்துக்கே பெயர். எஃகையும் உள்ளடக்கித்தான் மக்கள் அதைச் சொல்கிறார்கள். கொல்லன் உலையில் எஃகுக்குக் கொடுக்கும் தோய்ச்சலைக்கூடப் புறநானூறு இரும்பின் பெயரால்தான் சொல்கிறது. 21-ஆம் பாட்டு, ஐயூர் மூலங்கிழார்: "கருங்கைக் கொல்லன் செந்தீ மாட்டிய இரும்புண் நீரினும் மீட்டற்கு அரிது". செந்தீயில் காய்ச்சிய இரும்பு உண்ட நீரைத் திரும்பப் பெற முடியாது; இழந்த கோட்டை அதைவிட மீட்க அரியது. இரும்பு நீரை உண்கிறது என்று எழுத அவர் உலைக்கு மிக அருகில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் நீலக்குறிஞ்சியின் நூல் செய்தி அல்ல. இரண்டும் ஒன்றல்ல என்று கற்பிக்கும் நூல். கற்பிக்கும் இடத்தில் குடும்பப் பெயரைச் சொல்லிவிட்டு நகர முடியாது. பிள்ளைகளுக்குப் புரியாது என்பதையும் ஏற்க மாட்டேன். எஃகு என்ற சொல் பள்ளி அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது.

---

கலைவாணி_11ஆம்_வகுப்பு:

நான் மாணவி. புரிகிறது அக்கா, எஃகு என்றே எழுதுங்கள். எனக்குச் சில சந்தேகங்கள்.

ஒன்று, காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் ஸ்டீல் என்கிறார்களே, சரியா? இரண்டு, டெல்லி இரும்புத் தூண் துருப்பிடிக்காததால் அது துருப்பிடிக்காத எஃகு என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். மூன்று, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வில் கிடைத்தது இரும்பா எஃகா? நான்கு, ரயில் பாதையை ஏன் இருப்புப்பாதை என்கிறோம், இரும்புப்பாதை என்று ஏன் இல்லை?

---

உலைக்களம்:

நல்ல கேள்விகள் அம்மா.

காந்தச் சோதனை அப்படிப் பொதுவாகச் செல்லாது. கட்டடக் கம்பி, கத்தி, தண்டவாளம் எல்லாம் எஃகுதான், எல்லாவற்றிலும் காந்தம் ஒட்டும். "ஸ்டீல்" என்று அவர்கள் சொல்வது எவர்சில்வரை. துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். அது மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாகி உள்ளே இருப்பதைக் காக்கும். பாத்திரங்களில் பெரும்பாலும் 18 விழுக்காடு குரோமியத்தோடு 8 விழுக்காடு நிக்கலும் சேர்ப்பார்கள். நிக்கல் சேர்ந்ததும் அணு அடுக்கு மாறிவிடுவதால் காந்தம் ஒட்டுவதில்லை. நிக்கல் இல்லாத எவர்சில்வரும் உண்டு, அதில் ஒட்டும்.

டெல்லித் தூணில் குரோமியப் படலம் எதுவும் இல்லை. அது ஏழு மீட்டருக்குச் சற்று மேல் உயரமும் ஆறு டன்னுக்கு மேல் எடையும் கொண்ட தேனிரும்பு, சுமார் 1,600 ஆண்டுப் பழமை. அதில் பாஸ்பரஸ் மிகுதி. அதன் உதவியால் மேலே ஒரு காப்புப் படலம் உருவாகித் துருவை மெதுவாக்கியிருக்கிறது. காரணமே வேறு என்பதால் அதை எஃகு என்று சொல்லக் கூடாது.

சிவகளை பற்றி: 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கையின் பெயர் "இரும்பின் தொன்மை". அங்கே கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்பது இரும்பைப் பற்றிய கணிப்பு. அதைப் பகிரும்போது "எஃகு" என்று மாற்றி எழுதாதீர்கள். ஒரு பொருள் எஃகா என்று சொல்ல அதை வெட்டி நுண்ணோக்கியில் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும்.

நான்காவது கேள்வி கூர்நுனிக்கு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: தொடக்கத்தில் தண்டவாளம் உண்மையாகவே இரும்பாகத்தான் இருந்தது, சீக்கிரம் தேய்ந்தும் போனது. 1857-இல் இங்கிலாந்தின் டெர்பி நிலையத்தில் முஷெட் செய்த எஃகு தண்டவாளத்தைப் போட்டுப் பார்த்தார்கள், அது இரும்பைவிடப் பல மடங்கு காலம் உழைத்தது. பாதைக்குப் பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது.

---

கூர்நுனி:

இரும்பு, மருந்து, கரும்பு போன்ற சொற்களில் நடுவில் மெல்லின மெய் இருக்கிறது. இன்னொரு சொல்லோடு சேரும்போது அந்த மெல்லினம் வல்லினமாகத் திரியலாம். இரும்பு + பாதை = இருப்புப்பாதை. இருப்புச்சட்டி, இருப்புலக்கை எல்லாம் இப்படித்தான். "இருப்பு" என்றதும் இருத்தல் என்று நினைத்துவிடக் கூடாது.

---

நீலக்குறிஞ்சி:

எல்லோருக்கும் நன்றி. மெய்ப்புப் பார்த்தவரிடம் பேசிவிட்டேன். பொறியைப் பற்றிச் சொன்னதும் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது, பெட்டிச் செய்திக்கு ஒரு பக்கம் ஒதுக்கித் தருகிறாராம். செவர்ன் பாலம் "வார்ப்பிரும்புப் பாலம்", ஈபிள் "தேனிரும்புக் கோபுரம்", ஃபோர்த் "எஃகுப் பாலம்" என்று முடிவாகியிருக்கிறது. முதல் தடவை வரும் இடத்தில் எஃகுக்குப் பக்கத்தில் "உருக்கு என்றும் சொல்வர்" என்று சேர்க்கிறேன். இலங்கைப் பிள்ளைகளும் படிக்கப்போகிறார்கள்.

இன்னும் ஓர் இடம். 1883-இல் திறந்த நியூயார்க் புரூக்ளின் பாலத்தைத் தாங்கும் தடித்த கயிறுகளுக்கு "எஃகுக் கம்பி" என்று எழுதியிருந்தேன். கம்பி என்றால் ஒற்றைக் கம்பிதானே மனதில் வரும்?

---

பட்டறை_தீப்பொறி:

ஆமாம், கம்பி வேண்டாம். அது ஆயிரக்கணக்கான மெல்லிய கம்பிகளைச் சேர்த்துக் கட்டியது. பளு தூக்குகிறவர்கள் "வயர் ரோப்" என்பார்கள், ஆனால் அது முறுக்கியது. புரூக்ளினில் கம்பிகள் முறுக்காமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. "வடம்" நன்றாகப் பொருந்தும். துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பி என்பதையும் சேருங்கள், கடல் காற்றில் நிற்கிற பாலம்.

---

வடலி:

வடம் அருமையான சொல். எங்கள் பக்கத்திலும் எல்லோருக்கும் விளங்கும்.

---

கலைவாணி_11ஆம்_வகுப்பு:

இந்த இழையிலேயே சிலர் "எஃகுக் கம்பி" என்றும் சிலர் "எஃகு தண்டவாளம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒற்று மிகுமா, மிகாதா? தேர்வில் எப்படி எழுதுவது?

---

கூர்நுனி:

எஃகு ஆய்தத்தொடர்க் குற்றியலுகரம். வேற்றுமைப் புணர்ச்சியில் இடைத்தொடர், ஆய்தத்தொடர் இரண்டின் பின்னும் வல்லினம் மிகாது என்பது நன்னூல் விதி. தெள்கு கால் (தெள்ளுப்பூச்சியின் கால்) என்பதில் இடைத்தொடர். அதே போல எஃகு கடுமை, எஃகு கம்பி. இரும்பு மென்தொடர், அதனால் இரும்புக் கம்பி என்று மிகும். இன்றைய அச்சில் "எஃகுக் கம்பி" பரவலாக வருகிறது, அதைப் படித்தால் பொருள் கெடாது. தேர்வில் விதிப்படி எழுது. நீலக்குறிஞ்சி, உங்கள் நூலில் எதை எடுத்தாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒன்றாகவே வையுங்கள்.

---

நீலக்குறிஞ்சி:

ஒற்று இல்லாமலே வைக்கிறேன் ஐயா. எஃகு பாலம், எஃகு கம்பி. எஃகு வடத்துக்கு அந்தச் சிக்கலே இல்லை.